மருந்துக்கு அடங்காத கிருமிகளும் மக்கள் நல்வாழ்வும்

(புனேயில் கட்சி ஊழியர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



புனேயை அடுத்த பிம்ப்ரியில் 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதற்குத் துணைநின்றன. அதுவரை இறக்குமதியை நம்பியிருந்த நாட்டில், இந்தியத் தொழிலாளர்களின் உழைப்பால் பெனிசிலின் உற்பத்தியானது. சாதாரணக் காயமும் நிமோனியாவும் ஏழைகளின் உயிரைக் குடித்த நிலை மாறத் தொடங்கியது. அந்த வெற்றியே இன்று ஆபத்துக்குள்ளாகியிருக்கிறது.

2008இல், புதுதில்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்று சுவீடன் திரும்பிய நோயாளி ஒருவரிடம் என்டிஎம்-1 என்னும் மரபணுவைக் கொண்ட பாக்டீரியா கண்டறியப்பட்டது. 2010 ஆகஸ்டில், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் கார்டிஃபின் திமோத்தி வால்ஷும் மற்றவர்களும் இதுகுறித்த விரிவான ஆய்வை வெளியிட்டனர். இம்மரபணுவைக் கொண்ட பாக்டீரியா மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 எனக் கண்டறியப்பட்டன. அப்பட்டியலில் புனேயும் இருந்தது.

இம்மரபணுவைப் பெற்ற பாக்டீரியா ஒரு நொதியைச் சுரக்கிறது. பெனிசிலின் முதல் கார்பபெனெம் வரையிலான பெரும்பாலான மருந்துகளின் மூலக்கூற்று வளையத்தை அந்நொதி உடைத்துவிடுகிறது. மற்ற மருந்துகள் தோற்றபின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கையாளப்படும் கடைசி ஆயுதங்களில் ஒன்றே கார்பபெனெம். மேலும், இம்மரபணு பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இடம்பெற்றிருப்பதால், ஒருவகை பாக்டீரியா அதன் நகலை வேறுவகை பாக்டீரியாவுக்கும் வழங்கிவிடுகிறது.

மரபணுவுக்குத் தில்லியின் பெயர் சூட்டப்பட்டதை மத்திய சுகாதார அமைச்சகம் எதிர்த்தது. ஒரு நகரத்தின் மீது பழி சுமத்தும் பெயர் முறையற்றது என்பது நியாயமே. ஆனால் பெயரை மாற்றினால் சாக்கடை சுத்தமாகிவிடாது. 2011இல் வெளியான ஆய்வில், தில்லித் தெருக்களில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51லும், 50 குழாய்நீர் மாதிரிகளில் 2லும் இம்மரபணு காணப்பட்டது. காலரா, சீதபேதிக் கிருமிகளிலும் அது புகுந்திருந்தது. ஆகவே, இது மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கிய பிரச்சனை அல்ல. குடிநீர், கழிவுநீர், குடியிருப்பு ஆகியவற்றின் பிரச்சனை.

"மக்கள் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள்" என்று பழி முழுவதையும் ஏழைகள் மீது போடுவது எளிது. ஒருநாள் கூலியை இழந்து அரசு மருத்துவமனை வரிசையில் நிற்க இயலாதவர், மருந்துக்கடையில் நான்கு மாத்திரைகளோடு திரும்புகிறார். செவிலியர் பணியிடங்களைக் காலியாக விட்டு, ஒருவரிடம் பல நோயாளிகளை ஒப்படைத்தால், ஒவ்வொரு முறையும் கை கழுவ நேரம் ஏது? துப்புரவுப் பணியை ஒப்பந்தத்திற்கு விட்டுவிட்டுக் கிருமித் தொற்றைப் பற்றி அங்கலாய்ப்பதில் என்ன பயன்?

புதிய மருந்து வரும் என்று காத்திருக்கவும் முடியாது. நல்ல ஆன்டிபயாடிக் சிக்கனமாகப் பயன்படுத்தப்பட வேண்டியது; லாபமோ அதிக விற்பனையைக் கோருகிறது. அமெரிக்காவின் அக்கேயோஜென் நிறுவனம் 2018இல் தன் புதிய மருந்துக்கு அனுமதி பெற்றது, 2019இலேயே திவாலானது. சந்தை கைவிடும் இத்துறையில் பொதுத்துறையே கடமையாற்ற முடியும். மத்திய அமைச்சரவையோ 2016 டிசம்பரில் பிம்ப்ரி நிறுவனத்தின் உபரி நிலத்தை விற்கவும், நிறுவனத்தையே கேந்திர விற்பனைக்கு உட்படுத்தவும் முடிவெடுத்தது.

மாற்று வழி உண்டு. இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் கேரளம், 2018இல் நாட்டிலேயே முதலாவதாக மாநிலச் செயல்திட்டத்தை வெளியிட்டது. முக்கிய ஆன்டிபயாடிக் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்கவேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. அது ஏட்டளவில் நின்றுவிடாமல் கண்காணிப்பது தோழர்களின் பணி. அரசு மருத்துவமனைகளில் கிருமிப் பரிசோதனைக் கூடம், நிரந்தரச் செவிலியர், நிரந்தரத் துப்புரவுத் தொழிலாளர், ஒவ்வொரு குடியிருப்புக்கும் பாதுகாப்பான குடிநீர், பொதுத்துறை மருந்து உற்பத்தி ஆகிய கோரிக்கைகளைத் தொழிற்சங்க, மாதர், வாலிபர் அமைப்புகள் ஒன்றாக எழுப்ப வேண்டும். இவை கிடைக்கும்வரை பெனிசிலின் காலத்திற்கு முந்தைய மரணங்கள் உழைக்கும் மக்களின் வாசலுக்கே முதலில் திரும்பி வரும்.