முதுகில் சுமக்கும் ஊது எந்திரம்: காற்று வேண்டும், காதும் வேண்டும்



ஊத்துக்கோட்டைப் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் சில பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "தோப்பிலே சருகு தள்ள ஆள் கிடைக்கல்லே. இளவட்டம் எல்லாம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போயிடுது. முதுகிலே மாட்டிக்கிட்டுக் காத்தாலே சருகைத் தள்ளுற மெஷின் இருக்காமே, அதிலே எது வாங்கலாம்? நல்லாத் தள்ளணும். ஆனா ஊரையே எழுப்புற சத்தம் கூடாது." நியாயமான கேள்வி. இன்றைக்கு அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

இது நமக்குப் புது எந்திரம் இல்லை. மாம்பூ சமயத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டுகிறோமே, பெட்ரோலில் ஓடும் விசைத்தெளிப்பான், அதன் உடன்பிறப்புதான் இது. இரண்டிலும் எஞ்சின் உண்டு, விசிறி உண்டு, நீளக் குழாய் உண்டு. அதில் மருந்துத் தொட்டி இருக்கும், இதில் இருக்காது. ஜப்பானிலிருந்து மருந்து தெளிக்க வந்த எந்திரத்தில் தொட்டியைக் கழற்றி வீட்டுச் சருகு தள்ளியபோதுதான் அமெரிக்காவில் இது பரவியது. 1970-களில் கலிபோர்னியாவில் பெரிய வறட்சி. தண்ணீர் விட்டுத் தரை கழுவக் கூடாது என்றதும் காற்றுக்கு மாறினார்கள். சத்தம் பொறுக்காமல் கார்மல் என்ற ஊர் 1975-லேயே இதற்குத் தடை போட்டது. வாஷிங்டன் நகரில் பெட்ரோல் ஊது எந்திரத்தை 2022 ஜனவரியிலிருந்து ஓட்டவே கூடாது. ஆக, சத்தம் என்ற குறை நம் ஊரில் மட்டும் எழுந்த குறை இல்லை.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. சருகு முழுவதையும் தோப்பை விட்டு ஓட்டுவதற்காக இந்த எந்திரம் வேண்டாம். மாஞ்சருகு மண்ணுக்குப் போர்வை, ஈரம் காக்கும், மக்கினால் உரம். அடிமரத்தைச் சுற்றி ஓரடி மட்டும் சுத்தமாக வைத்து, சருகை நிழல் விழும் பரப்புக்குள்ளேயே தள்ளி விடுங்கள். எந்திரத்துக்கு உண்மையான வேலை எங்கே என்றால், களத்தைச் சுத்தம் பண்ண, டிராக்டர் போகும் பாதையைத் திறந்து வைக்க, கோடையில் ரோட்டோரத்துக் காய்ந்த சருகை உள்ளே தள்ளித் தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்ள, பாத்தியில் உரம் போடுவதற்கு முன் இடம் ஒதுக்க. பழ ஈ விழுந்த காயைக் காற்றால் தள்ளி மூலையில் குவிக்காதீர்கள், புழு அங்கேயே மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். அதைக் கையால்தான் பொறுக்கி அழிக்க வேண்டும்.

இனி பலம். கடையில் போனால் "எத்தனை சி.சி.?" என்றுதான் கேட்கிறோம். சி.சி. என்பது எஞ்சினின் வயிறு. அது எவ்வளவு சாப்பிடும் என்று சொல்லுமே தவிர, குழாய் முனையில் எவ்வளவு காற்று வரும் என்று சொல்லாது. பார்க்க வேண்டியது இரண்டு. நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று, அந்தக் காற்றுக்கு எத்தனை வேகம்.

நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கிருஷ்ணா கால்வாய் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்டில் 1996-ல் முதல் தடவை தமிழ்நாட்டுக்குள் தண்ணீர் கொண்டு வந்தது. அந்தக் கால்வாய் மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒரு பூண்டி ஏரிக்கே தண்ணீர் சுமக்கிறது. அதே நேரத்தில் கார் கழுவுகிற குழாயின் வாயை விரலால் அழுத்திப் பாருங்கள், தண்ணீர் சீறும், ஆனால் ஒரு வாளி நிறைய நேரமாகும். சருகு தள்ளக் கால்வாய் வேண்டும். ஈரத்தில் ஒட்டிய ஒற்றை இலையைப் பிய்க்கச் சீற்றம் வேண்டும். தோப்புக்காரர்களுக்குப் பெரும்பாலும் காற்றின் அளவுதான் முக்கியம். குறுகின மூக்கு மாட்டி வேகத்தை மட்டும் காட்டி விற்றால் ஏமாற வேண்டாம். அந்த மூக்கு சத்தத்தையும் கூட்டும்.

சில கம்பெனிகள் ஊதுவிசையை நியூட்டன் கணக்கில் தருகின்றன. அது காற்றின் அளவையும் வேகத்தையும் சேர்த்துச் சொல்வது. 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ எடை அழுத்துகிற அழுத்தம். கையில் பிடிக்கும் சின்ன எந்திரம் பத்துப் பதினைந்தில் நிற்கும். முதுகில் சுமக்கும் பெரியது முப்பதுக்கு மேல் போகும். ஒரு எந்திரத்தை இன்னொன்றோடு ஒப்பிட இந்த எண்ணே சுலபம். கன அடிக் கணக்குதான் கிடைக்கிறது என்றால், அது குழாய் மாட்டி அளந்ததா, வெறும் விசிறிக் கூட்டில் அளந்ததா என்று கேளுங்கள். குழாய் இல்லாமல் அளந்தால் எண் பெரிசாகத் தெரியும். ஒரு காகிதத்தில் கன மீட்டரும் இன்னொன்றில் கன அடியும் இருக்கும், அதையும் கவனியுங்கள். மணிக்கு 1,000 கன மீட்டர் என்பது நிமிஷத்துக்குச் சுமார் 590 கன அடி.

சரி, சத்தத்துக்கு வருவோம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். "பெரிய மெஷின் கத்தும், சின்னது வாங்கினா அமைதி" என்று நினைப்பார்கள். பல சமயம் நேர் மாறு. விசிறிக்கு ஒரு கணக்கு உண்டு. சுழலும் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், காற்றும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் விசிறியைச் சுற்ற வேண்டிய சக்தி பாதியாகி விடும். சத்தமும் நன்றாக இறங்கும். சின்ன எந்திரம் வேலையை முடிக்க முழுசாக முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு படி பெரியது வாங்கி, திராட்டிலைக் கொஞ்சம் விட்டுப் பிடித்தால் அதே சருகை அமைதியாகத் தள்ளும். பெட்ரோலும் மிச்சம். ஆனால் எடை கூடும், பத்துப் பன்னிரண்டு கிலோ வரும் என்பதை மறக்க வேண்டாம்.

எஞ்சின் ஒன்றாக இருந்தாலும் சத்தம் வேறாகலாம். ஜெர்மனியின் ஸ்டீல் கம்பெனி 64.8 சி.சி. எஞ்சினில் பி.ஆர். 500, பி.ஆர். 600 என்று இரண்டு எந்திரம் செய்திருக்கிறது. 50 அடி தூரத்தில் அளந்தால் முதலாவது 65 டெசிபல், இரண்டாவது 75. எஞ்சின் கொள்ளளவு அதேதான். சைலன்சரும் காற்று போகும் வழியும் வேறு. ஆனால் சும்மா வரவில்லை, அமைதியான எந்திரத்தில் ஊதுவிசை கணிசமாகக் குறைவு. பேர் சொன்னது உதாரணத்துக்குத்தான், அதையே வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை.

10 டெசிபல் என்பது சின்ன வித்தியாசம் இல்லை. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். ஒலியின் சக்தியோ பத்து மடங்கு.

ஆனால் அந்த 65 என்ற எண் 50 அடிக்கு அப்பால் நிற்கிற பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னது. சுமக்கிறவருக்கு இல்லை. திறந்த வெளியில் தூரம் பாதியாகும்போதெல்லாம் 6 டெசிபல் கூடும். 50 அடி 25 ஆகி, பன்னிரண்டாகி, ஆறாகி, மூன்றாகும்போது 24 கூடிவிடும். 65 என்பது 89 ஆகிறது. 75 என்பது 99 ஆகிறது. எஞ்சினோ முதுகிலே, காதுக்கு ஓரடி இரண்டடியில் இருக்கிறது. அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் உடல்நல நிறுவனம் 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று எல்லை சொல்கிறது. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதி. 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி. 100-க்கு வந்தால் கால் மணி நேரம்தான்! ஒரு தோப்பைக் கால் மணியில் முடிக்க முடியுமா?

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். லீவு நாளில் சின்னம்மா தோப்பில் இந்த எந்திரத்தைச் சுமக்கிறார். "கம்பெனியிலே காதுக்கு முட்டு குடுத்திருக்காங்கண்ணே, அங்கே மாட்டிக்குவேன். இங்கே எதுக்கு, நம்ம தோப்புதானே?" என்றார். அவர் வீட்டம்மா சொன்னது வேறு. "டிவியை இவரு வைக்கிற சத்தத்திலே பாப்பா தூங்க மாட்டேங்குது. கூப்பிட்டா ரெண்டு தடவை 'என்ன, என்ன'ங்குறாரு." காதுக்குக் கம்பெனி எது, தோப்பு எது என்று தெரியாது. அங்கே வாங்கிய சத்தமும் இங்கே வாங்கிய சத்தமும் ஒரே கணக்கில்தான் ஏறும். உள்காதில் இருக்கிற நுண்மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது மேல்சுருதி. குழந்தைப் பேச்சின் 'ஸ', 'ச' எழுத்துகள் மங்கும். வேலை முடிந்த ராத்திரி காதில் 'ஞொய்' என்று கேட்டால் அது எச்சரிக்கை.

ஆகவே எந்திரத்தின் விலையில் காதுமுட்டின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். காதை முழுக்க மூடும் கிண்ணம் மாதிரியானது நல்லது. பஞ்சைத் திணிப்பது போதாது. கிண்ணத்தின் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே துண்டோ தலைப்பாகையோ சிக்கினால் சத்தம் அந்த இடுக்கில் உள்ளே போய்விடும். கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் கட்டாயம். மருந்தடித்த தோப்பின் சருகுத் தூசியில் மருந்தும் இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரரையும் பார்க்க வேண்டும். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டுச் சுற்றிலும் 100 மீட்டர் அமைதி மண்டலமாகும். அங்கே இதைவிடக் குறைவு. தோப்பு ஊரை ஒட்டி இருந்தால் காலை 8 மணிக்கு மேல் தொடங்குங்கள். பனி ஈரமும் உலர்ந்திருக்கும், சருகு லேசாக எழும்பும். மாம்பூ மலர்ந்திருக்கிற நாட்களில் மரத்துக்குக் கீழே பலமாக ஊதித் தூசி கிளப்ப வேண்டாம். பூவுக்கு வருகிற ஈயும் பூச்சியும் உங்கள் காய்ப்புக்கு வேலை செய்கின்றன.

பேட்டரி வேண்டுமா, பெட்ரோலா? பேட்டரி ஊதியில் எஞ்சின் உறுமல் இல்லை, விசிறிச் சத்தம் மட்டும்தான். வீட்டு முற்றம், களம், சின்னத் தோப்புக்கு நல்லது. முழு வேகத்தில் ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஏக்கர் கணக்கில் வேலை என்றால் இரண்டு பேட்டரி வாங்க வேண்டும், விலை ஏறும். ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் 'பேட்டரி ஸ்பிரேயர்' என்று விற்பதில் இருப்பது தண்ணீரைத் தள்ளும் சின்னப் பம்புதான். அதில் விசிறி கிடையாது, சருகு தள்ளாது. பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. ஏற்கெனவே பெட்ரோல் விசைத்தெளிப்பான் வைத்திருப்பவர்கள் தொட்டியைக் காலி பண்ணிக் கழுவி, அதன் காற்றையே பயன்படுத்தலாமா என்று முதலில் பாருங்கள். பல மாடலில் முடியும்.

கடையில் எப்படிச் சோதிப்பது? பெட்டிக்குள் இருக்கிற மெஷினைத் தலையாட்டி வாங்கி வராதீர்கள். "தம்பி, கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுப்பா" என்று கேளுங்கள். முதுகில் மாட்டிப் பெல்ட்டை இறுக்கி, இடுப்பில் எடை உட்காருகிறதா என்று பாருங்கள். எடை முழுக்கத் தோளில் தொங்கினால் அரை மணி நேரத்தில் இறக்கி வைப்பீர்கள். இப்போதைய மொபைலில் டெசிபல் காட்டும் ஆப் உண்டு. அது காட்டும் எண்ணைச் சத்தியமாக நம்ப வேண்டாம், ஆனால் ஒரே போனை ஒரே தூரத்தில் வைத்து இரண்டு எந்திரத்தையும் ஒப்பிட்டால் எது உரத்தது என்று தெரிந்துவிடும். பாதித் திராட்டில், முழுத் திராட்டில் இரண்டிலும் அளவு பாருங்கள். பாதியிலேயே சருகு நகர்கிறதா என்று கேட்பதுதான் என் கேள்வி. நகர்ந்தால் அதுதான் உங்களுக்கானது.

வருஷத்தில் இருபது நாள் ஓட்டுகிற பொருளுக்கு ஒருவர் மட்டும் முதல் போட வேண்டியதில்லை. மூன்று தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். விசைத்தெளிப்பான் மாதிரிக் கருவிகளுக்கு அரசு மானியம் இருக்கிறதா, வாடகைக்குக் கிடைக்கிறதா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பயிர் சம்பந்தமான சந்தேகத்துக்குத் திரூரில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

வாங்கிய பிறகு சத்தம் திடீரென்று கூடினால், சைலன்சர் போல்ட்டுத் தளர்ந்திருக்கும், அல்லது விசிறிக் கூட்டில் சருகு சிக்கியிருக்கும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு இரண்டையும் பாருங்கள். ஆயில் கலக்கும் அளவைக் கையேட்டில் இருப்பது போலவே கலக்குங்கள், 'கண்ணளவு' வேண்டாம். மழைக்காலம் தொடங்கி எந்திரத்தைப் பரண் மேல் வைக்கப் போகிறீர்கள் என்றால், பெட்ரோலை வடித்துவிட்டு, மிச்சம் தீரும் வரை ஓட்டி நிறுத்தி, காற்று வடிகட்டியைத் தட்டித் துடைத்து வையுங்கள். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பசையாகிப் போனால், தை பிறக்கும்போது இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கும்.