ஹப்பிலிருந்து மட்கார்டு வரை

ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு இதைக் கேட்பவர்கள் சிலர் இருப்பீர்கள். உங்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது; எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம்தான். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல என் அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு செந்தூல் ரயில் பட்டறையில் வேலை. பெட்டி நாலு மூலையிலும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று அளந்து பார்ப்பது அவர் தினமும் செய்த காரியம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அலமாரி ஒரு நூலளவு சாய்ந்திருந்தாலும் சிகரெட் அட்டையை மடித்துக் காலுக்கடியில் சொருகிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அம்மாவுக்கு அது பெரிய தொல்லை. இன்று கிள்ளானில் பட்டறை வைத்துக்கொண்டு நான் செய்வதும் அதே அட்டை சொருகும் வேலைதான். அலமாரிக்குப் பதிலாக இரண்டரை டன் காடி, அவ்வளவே வித்தியாசம்.

எந்தக் காடி? ஜப்பானிலிருந்து ரிகொண்டாக வந்த பழைய லேண்ட் குரூசர் சிக்னஸ், அதன் இரட்டைப் பிறவி லெக்சஸ் எல்எக்ஸ் 470. இரண்டும் 1998இல் அறிமுகமானவை. ஓட்டுநர் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் காடி தானே எழும், தானே தாழும். தாழ்வு, நடு, உயர்வு என்று மூன்று நிலை. உள்ளே என்ன நடக்கிறது என்றால், காடியின் பாரத்தில் பெரும்பகுதியை இரும்பு தாங்குகிறது. முன்னால் டோர்ஷன் பார் என்கிற முறுக்குத் தண்டு, பின்னால் சுருள் வில். மீதிப் பாரம் அப்சோர்பருக்குள் இருக்கும் எண்ணெய் மேல். பம்பு எண்ணெயைத் தள்ளினால் காடி ஏறும், வால்வு திறந்து எண்ணெயை விட்டால் இறங்கும்.

எவ்வளவு தள்ள வேண்டும் என்று பம்புக்கு யார் சொல்வது? அதற்குத்தான் உயர சென்சார். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, அதில் ஒரு சின்னக் கை, அந்தக் கையிலிருந்து சக்கரத்தைத் தாங்கும் ஆர்முக்கு ஒரு குச்சி. காடி ஏறி இறங்கும்போது கை சுழலும். கை எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதற்கேற்ற மின்னழுத்தத்தை சென்சார் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நடுநிலையில் ஏறக்குறைய இரண்டரை வோல்ட்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள் நேயர்களே. அந்தப் பெட்டிக்கு உயரம் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது கோணம் மட்டும். குச்சி வளைந்திருந்தாலும், மூட்டு தேய்ந்திருந்தாலும், முன்பு கை வைத்தவர் நட்டை இடம் மாற்றி முடுக்கியிருந்தாலும், அது கூசாமல் இரண்டரை வோல்ட் என்றே சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பிவிடும். காடி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியாது.

அதனால் இந்த வேலையில் நான் முதலில் எடுப்பது ஸ்கேனர் இல்லை. தையற்காரர் கழுத்தில் தொங்குமே, அந்த மாதிரி டேப். சமதரையில் காடியை நிறுத்தி, நடுநிலையில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, சக்கரத்தின் நட்ட நடுவில் இருக்கும் ஹப்பிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். முன்னால் சுமார் 50 சென்டிமீட்டர், பின்னால் சுமார் 52. எங்கள் தொழிலில் புழங்கும் கணக்கு இது.

ஏன் தரையிலிருந்து அளக்கக் கூடாது என்று பட்டறைக்கு வரும் ஒவ்வொரு பையனும் கேட்பான். தரைக்கும் ஹப்புக்கும் நடுவில் டயர் இருக்கிறதே! ஒரு டயரில் காற்று குறைவாக இருக்கும், இன்னொன்று தேய்ந்திருக்கும், மூன்றாவது வேறு அளவில் போட்டதாக இருக்கும். அத்தனை வம்பும் அளவில் ஏறிவிடும். ஹப்புக்கு மேலே அளந்தால் சஸ்பென்ஷன் மட்டும் பேசும். ஒரு தடவை அளந்தால் போதாது. கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி அளக்க வேண்டும், உயர்த்தித் தாழ்த்திவிட்டு இன்னொரு முறை. மூன்று அளவும் ஒத்துப்போனால்தான் நட்டில் ஸ்பேனர் வைப்பேன். பையன்களுக்குச் சலிப்பு வரும். எனக்கு இதைவிட இன்பமான அரை மணி நேரம் பட்டறையில் வேறில்லை.

ஒரு பெரியவர் வந்தார். சிக்னஸ் வைத்திருப்பவர். "தம்பி, சோபா மாதிரி போன காடி இப்ப மாட்டு வண்டி மாதிரி இடிக்குது," என்றார். வேறொரு பட்டறையில் பார்வையாக இருக்கட்டும் என்று முன்பக்கத்தைத் தூக்கித் தரச் சொல்லியிருக்கிறார். அவர்களும் சென்சார் நட்டை நகர்த்தித் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். டேப் வைத்தேன்: 54. ஸ்கேனரில் முன்பக்க எண்ணெய் அழுத்தம் எட்டு மெகாபாஸ்கலைத் தாண்டியிருந்தது. இருக்க வேண்டியது 6.9. அந்த 6.9 என்பதே நீங்கள் பெட்ரோல் நிலையத்தில் டயருக்கு அடிக்கும் காற்றைப்போல முப்பது மடங்கு.

ஏன் கூடியது? காடி உயர உயர இரும்பின் முறுக்கு தளர்ந்து, அது விட்ட பாரமெல்லாம் எண்ணெய் தலையில் ஏறிவிடுகிறது. எண்ணெய்க்குப் பின்னால் நைட்ரஜன் வாயு உருண்டைகள் இருக்கின்றன. மெத்தென்ற சுகத்தைத் தருவது அவைதான். அழுத்தம் கூடினால் வாயு நசுங்கிக் கல்லாகிவிடும். பெரியவருடைய முதுகு சொன்னது முழு உண்மை.

இந்தக் காடியில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. மற்ற காடிகளில் டோர்ஷன் பாரை முறுக்கினால் முன்பக்கம் உயரும். இதில் முறுக்கிப் பாருங்கள், உயரவே உயராது! இரும்பு கொஞ்சம் அதிகம் தாங்கத் தொடங்கியதும், சென்சார் பழைய உயரத்தையே கேட்க, கம்ப்யூட்டர் எண்ணெயை வெளியே விட்டுவிடும். உயரம் அப்படியே இருக்கும், அழுத்தம் மட்டும் குறையும். உயரத்துக்கு சென்சார், அழுத்தத்துக்கு முறுக்கு. இடம் வலம் சாய்ந்திருந்தால் ஒரு பக்கத்தை முறுக்கி மறுபக்கத்தைத் தளர்த்த வேண்டும். அதைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் சரிசெய்ய வேண்டும். இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது, நான்கு வாடிக்கையாளர்களின் பொறுமையும் செலவானது. பெரியவருடைய காடியை 50க்கு இறக்கி, பிறகு முறுக்கி 6.9க்குக் கொண்டுவந்தேன். போர்ட் கிள்ளான் வரை ஓட்டிவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு தே தாரே வாங்கிக் கொடுத்தார்.

சென்சாரும் இல்லாமல் கம்ப்யூட்டரும் இல்லாமல், காடி தன் உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் வித்தையைச் செய்து காட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1955இல் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோயன் டிஎஸ் வந்தது. அந்த எண்ணெய் சஸ்பென்ஷனுக்குப் பின்னால் இருந்தவர் பால் மாஜெஸ், பொறியியல் பட்டம் இல்லாதவர். ஒரு குச்சி, ஒரு வால்வு, அவ்வளவுதான். குச்சியைப் பிடித்திருக்கும் கிளாம்பைக் கொஞ்சம் திருப்பி உயரம் வைப்பார்கள். முதல் நாளிலேயே 12,000 பேர் காடிக்குப் பதிவு செய்தார்கள். இதைப் பற்றி இன்னொரு நாள் பேசவிட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன்.

2021 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய நேரம். அதற்குப் பிறகு ஒருவர் என்னிடம், "பொத்தானை அழுத்தி உயரத்துக்குப் போனால் வெள்ளத்தைத் தாண்டலாம்தானே?" என்று கேட்டார். ஐயா, அந்தப் பொத்தான் தருவது நான்கைந்து சென்டிமீட்டர். கூரையைத் தொட்ட தண்ணீருக்கு அது ஒரு செருப்பின் குதிகால். அதோடு வெள்ளச் சேறு சென்சார் மூட்டில் புகுந்தால், நட்டு துருவேறி அசையவே அசையாது. அப்படி வந்த காடிகளுக்குக் கிள்ளான் பக்கத்து ஹாஃப்-கட் கடைகளில் சென்சார் தேடி அலைந்தேன்.

நேரம் முடியப் போகிறதாம், கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். மீதியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்த் தொட்டியில் கோடுகள் இருக்கும். காடி உயர்ந்து நிற்கும்போதும் தாழ்ந்து நிற்கும்போதும் மட்டம் பாருங்கள். இரண்டுக்கும் ஏழு கோடு வித்தியாசம்கூட இல்லை என்றால் வாயு உருண்டைகள் தீர்ந்துவிட்டன, எந்தச் சென்சாரைத் திருத்தியும் பயனில்லை. எண்ணெய் அதற்கென்றே உள்ளதுதான். பிரேக் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது யாரும் சென்சார் கையைத் தொட வேண்டாம். என் பட்டறைப் பையன் ஒருவன் விளையாட்டாக அதைத் தள்ள, காடி உயர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் எண்ணெயை விட்டுவிட்டது. சில விநாடியில் இரண்டரை டன்னும் அவன் தலைக்கு மேலே இறங்கத் தொடங்கியது. அடியில் ஸ்டாண்டு வைத்திருந்ததால் அவன் இன்றைக்கும் என்னோடு வேலை செய்கிறான்.

என்னிடம் லேண்ட் குரூசர் இல்லையே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரகாசமான வெள்ளை விளக்கு வைத்த பல காடிகளில், விளக்கைத் தானே தாழ்த்த இதே மாதிரி ஒரு சென்சார் பின் அச்சுப் பக்கம் இருக்கும். ஸ்பிரிங் மாற்றிப் பின்பக்கத்தை உயர்த்திய பிறகு எதிரே வருபவர்கள் உங்களைப் பார்த்து விளக்கடித்தால், அந்தக் குச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு, வீட்டுத் தையல் டேப்பை எடுத்து, உங்கள் காடியின் நான்கு சக்கரத்திலும் ஹப்பிலிருந்து மட்கார்டு வரை அளந்து ஒரு துண்டுத் தாளில் எழுதி டேஷ்போர்டில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள்.