மீட்டரும் கிலோஹெர்ட்ஸும்

பழைய வால்வு வானொலிப் பெட்டியின் கண்ணாடி முகப்பில் ஒரு வரிசையில் மீட்டரும் மற்றொரு வரிசையில் கிலோசைக்கிளும் அச்சிட்டிருப்பதைக் கண்டு, இவை வெவ்வேறு அலைகள் போலும் என மயங்குவோர் உண்டு. வாஸ்தவத்தில் ஒரே அலையின் நீளத்தையும், விநாடிக்கு அது எத்தனை ஆயிரம் தடவை அதிர்கிறது என்பதையுமே அவை குறிக்கின்றன. விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் பிரயாணம் செய்யும் அவ்வலைக்கு, 3 லட்சத்தைக் கிலோசைக்கிளால் வகுத்தால் மீட்டர் கிடைத்துவிடும். மீட்டரால் வகுத்தால் கிலோசைக்கிள். சென்னை வானொலியின் 720 கிலோசைக்கிளை இட்டு வகுத்துப் பாருங்கள்: சுமார் 417 மீட்டர், எத்தனை பிரம்மாண்டமான அலை! மின்காந்த அலைகளைப் பரிசோதனையால் நிரூபித்து, 36 வயதிலேயே மறைந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்ட்ஸின் ஞாபகார்த்தமாகப் பிற்காலத்தில் அலகின் பெயர் மாறியதேயன்றி அளவு மாறவில்லையாதலால், கிலோசைக்கிளைக் கிலோஹெர்ட்ஸாக்கக் கணக்கே வேண்டியதில்லை. ஆயிரம் கிலோஹெர்ட்ஸ் ஒரு மெகாஹெர்ட்ஸ். பண்பலையில் 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் 3 மீட்டரே.