உப்புக் காற்றில் ஒரு பீச் நிற ரோஜா

பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் வீட்டு முற்றத்தில் ரோஜா வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்று 'ஜஸ்ட் ஜோயி' என்ற ரகத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இது 'ஹைபிரிட் டீ' வகை. 1867-இல் பிரான்சில் வந்த 'லா பிரான்ஸ்' ரோஜாவே இந்த வகைக்கு முன்னோடி. ஜஸ்ட் ஜோயி 1972-இல் இங்கிலாந்தின் கோல்செஸ்டர் ஊரில் வெளியானது. 1994-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்குச் சிறப்பிடம் கொடுத்தது.

நிறம் எப்படி என்றால், பழுத்த பப்பாளிச் சதையில் பாலைக் கலந்தது மாதிரி. இதழ்கள் முப்பது வாக்கில் இருக்கும். ஓரம் அலை அலையாகச் சுருண்டிருக்கும். பூ உள்ளங்கை அகலம், நல்ல வாசனை. செடி இடுப்பளவு வளரும். கோடை வெயிலில் பூ சிறுத்து, நிறமும் வெளுக்கும். குளிர் மாதங்களில்தான் முழு அழகு. ஆனால் ஒரு செடியில் பூ எண்ணிக்கை குறைவு. எடை போட்டு விற்கும் சந்தைக்கு இது ஆகாது, வீட்டுக்குத்தான்.

நம்ம ஊரில் இதற்கு முதல் எதிரி உப்பு. இலை ஓரம் கருகினால் நோய் என்று நினைத்து, உவர்க் கிணற்றுத் தண்ணீரையே இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். செடி போய்விடும்! அதனால் தரையில் நடாமல், அடியில் துளையுள்ள பெரிய தொட்டியில் வையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு போதும். கடல் மணல் வேண்டாம். கூரையில் பிடித்த மழைத் தண்ணீரோ, குடிக்கிற நல்ல தண்ணீரோ ஊற்றுங்கள். வாரம் ஒரு முறை அடியில் வழியும் வரை ஊற்றினால், தங்கிய உப்பு வடிந்துவிடும். கருவாடு கழுவிய தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள்.

கடல் காற்று நேரே அடிக்காத சுவரோரம், காலை வெயில் படும் இடம் நல்லது. பலத்த காற்று அடித்த மறுநாள் காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள்.

ஒட்டுக்குக் கீழே கிளம்பும் காட்டுத் தளிரை அடியோடு கிள்ளுங்கள்; விட்டால் நல்ல ரகத்தை அமுக்கிவிடும். கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்ததும் கவாத்து செய்து, வெட்டுவாயில் தாமிரப் பூஞ்சாணக் கொல்லிப் பசை தடவுங்கள். சுமார் 45 நாளில், தை மாதத்தில் பூ பார்க்கலாம்.

இந்த ரகம் கிடைக்காவிட்டால், இதே நிறத்தில் வேறு ஹைபிரிட் டீ வாங்கினாலும் பக்குவம் இதேதான். செடி வாங்கும் முன் முதலில் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அது நல்லதாக இருந்தால் ரோஜாவுக்குப் பயமில்லை.