நெஞ்சைத் தொட்ட நூல்கள்

(பங்கின் பொன்விழா வாரத்தில் நடைபெற்ற வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உள்ளத்தைத் தொட்ட நூல்களைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். எனக்கு முன் பேசியவர்கள் தாங்கள் விரும்பிப் படித்த நூல்களை அழகாக எடுத்துரைத்தார்கள். நான் சில நூல்கள் மனிதரின் கைக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதைச் சொல்ல விரும்புகிறேன். நல்ல நூல் உலகில் இருந்தால் மட்டும் போதாது. வேண்டிய வேளையில் அது வேண்டியவர் கைக்கு எட்ட வேண்டும் அல்லவா?

1521-ஆம் ஆண்டு மே மாதம். ஸ்பெயின் நாட்டுப் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு ஒரு வீரனின் கால் முறிந்தது. லொயோலா மாளிகையில் மாதக் கணக்கில் படுத்திருந்த அவன், பொழுது போவதற்காக வீரசாகசக் கதைகளைக் கேட்டான். அந்த வீட்டில் அப்படி ஒரு நூலும் இல்லை. இருந்தவை இரண்டு: கிறிஸ்துநாதரின் வரலாறு ஒன்று, புனிதர்களின் வரலாறு ஒன்று. வேறு வழியின்றி அவற்றையே படித்தான். உலகப் பெருமைகளை எண்ணி மகிழ்ந்தபின் மனம் வறண்டு போவதையும், புனிதர்களை எண்ணியபின் மகிழ்ச்சி நிலைத்து நிற்பதையும் கண்டான். அந்த வீரனே சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். அன்று அவர் கேட்ட நூல் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுத்தால், கைக்கு எட்டும் தூரத்தில் என்ன நூல் இருக்கிறது? இன்று வீடு திரும்பியதும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சேசு சபைக் குருக்களில் ஒருவர்தான் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ் கற்ற ஹென்ரிக்கஸ் அடிகளார். அவர் தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம் கொண்ட அந்தச் சிறு நூல்தான், இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல். 1586-இல் அவருடைய 'அடியார் வரலாறு' வெளிவந்தது. இஞ்ஞாசியாரை மாற்றிய புனிதர் வரலாறு, அறுபத்தைந்து ஆண்டுகளில் தமிழ் பேசத் தொடங்கிவிட்டது! அந்த அச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் அரசர்கள் அல்லர். கடலில் மூச்சடக்கி மூழ்கிப் பிழைத்த நம் மக்கள். எழுத்தறியாத பலர் அவர்களில் இருந்திருப்பார்கள். ஆயினும் தங்கள் பிள்ளைகள் கையில் ஒரு நூல் இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள்.

இனி ஒரு சங்கிலியைச் சொல்கிறேன். அதன் கண்ணிகள் நான்கு.

எகிப்து நாட்டில் வனத்து அந்தோணியார் பள்ளிக் கல்வி பெறாதவர். ஆலயத்தில் வாசிக்கப்பட்ட நற்செய்தியைக் காதால் கேட்டே, உடைமைகளைத் துறந்து வனத்துக்குப் போனார். அவருடைய வாழ்க்கையைப் புனித அத்தனாசியார் நூலாக எழுதினார்.

386-ஆம் ஆண்டு, மிலான் நகரில் அகுஸ்தீனார் வீட்டுக்கு ஒரு விருந்தினர் வந்தார். மேசைமேல் கிடந்த நூலைத் தற்செயலாக எடுத்துப் பார்த்தார். அது புனித சின்னப்பரின் நிருபங்கள்! வியப்புற்றவர் பேச்சுவாக்கில் அந்தோணியாரின் வரலாற்றைச் சொன்னார். அந்த நூலைப் படித்து உலகைத் துறந்த இரு நண்பர்களின் கதையையும் சொன்னார். அகுஸ்தீனாரின் உள்ளம் கொந்தளித்தது. அன்றே, தோட்டத்தில் ஒரு குழந்தையின் குரல் நூலை எடுத்து வாசிக்கச் சொல்வதுபோல் கேட்டு, அதே நிருபங்களைத் திறந்தார். அடுத்த ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். பின்பு தம் வாழ்க்கையையே இறைவனிடம் பேசும் ஓர் அறிக்கையாக எழுதினார்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. ஸ்பெயினில் ஒரு கன்னியர் மடத்தில், செபத்தில் ஊக்கம் குன்றிப் போராடிக்கொண்டிருந்தார் அவிலா தெரேசம்மாள். அவர் கையில் அகுஸ்தீனாரின் அறிக்கை கொடுக்கப்பட்டது. அதில் தம்மையே கண்டு கண்ணீர் வடித்தார். பின்பு அவரும் தம் வாழ்க்கையை எழுதினார்.

1921-ஆம் ஆண்டுக் கோடையில், யூத குலத்தில் பிறந்த தத்துவ அறிஞர் எடித் ஸ்டைன், தம் தோழியின் வீட்டில் தங்கியிருந்தபோது தெரேசம்மாளின் நூலை வாசித்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1922 சனவரி முதல் நாள் ஞானஸ்நானம் பெற்றார். கார்மேல் துறவியாகி, 1942-இல் நாசிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிர் துறந்தார். 1998-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

பாருங்கள்! மேசைமேல் கிடந்த நூல், கையில் கொடுக்கப்பட்ட நூல், தோழியின் வீட்டில் இருந்த நூல். எவரும் பெரிய திட்டம் எதுவும் தீட்டவில்லை. ஆனால் நூல் அங்கே இருந்தது.

நானும் இரண்டு நூல்களைப் பரிந்துரைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். முதலாவது, சிறுமலர் தெரேசம்மாளின் தன்வரலாறு. இருபத்து நான்கு வயதில், 1897-இல் இறந்த அவர், மடத்துத் தலைவியரின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து எழுதிய ஏடுகள், மறு ஆண்டு இரண்டாயிரம் படிகள் அச்சாகி, பின்பு உலகெங்கும் பரவின. தம் கடைசி மாதங்களில் விசுவாசமே இருண்டுபோன வேதனையை அவர் மறைக்கவில்லை. 'செபித்தும் பதில் இல்லையே' என்று சோர்ந்திருப்பவரிடம் நாம் அறிவுரை சொல்வதைவிட, இந்த நூலைக் கொடுப்பது மேல்.

இரண்டாவது, வீரமாமுனிவரின் தேம்பாவணி. இத்தாலியில் பிறந்தவர், நம் மண்ணில் 3,615 பாடல்களில் ஒரு காப்பியம் செய்தார். அதன் தலைவர் புனித சூசையப்பர், தமிழில் வளன். படையெடுத்து வென்ற வேந்தனை அல்ல, உழைத்துக் குடும்பம் காத்த ஒரு தச்சரைக் காப்பிய நாயகனாக்கினார். குடும்பத் தலைவர்கள் இதை முழுதும் படிக்க இயலாவிட்டாலும், உரையுடன் ஒரு படலமாவது படியுங்கள். தம் உழைப்பின் மதிப்பை அதில் காண்பார்கள்.

முடிவாக மூன்று வேண்டுகோள். கண்ணாடி அலமாரியில் பூட்டிய நூல் யாரையும் தொடாது. வீட்டில் மேசைமேல் ஒரு நூல் கிடக்கட்டும். கைபேசி கிடக்கும் இடத்தில் அதற்கும் சிறிது இடம் கொடுங்கள். இரண்டாவது, பொதுவாக 'படியுங்கள்' என்று சொல்லாமல், இன்னாருக்கு இந்த நூல் என்று எண்ணிக் கையில் கொடுங்கள். அதற்கு அவருடைய துயரம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, நம் பங்கில் கண் மங்கிய முதியோர் பலர் இருக்கிறார்கள். அந்தோணியார் காதால் கேட்டே மனம் மாறினார் என்பதை மறவாதீர்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் நோயாளிகளைச் சந்திக்கப் போகும்போது இளைஞர் ஒருவரையும் அழைத்துச் செல்லட்டும். அவர் இரண்டு பக்கம் உரக்க வாசிக்கட்டும். கேட்பவர் மட்டுமல்ல, வாசிப்பவரும் பயன் பெறுவார்.

ஐம்பது ஆண்டுகளாக இப்பங்கைக் காத்துவரும் இறைவன், அடுத்த தலைமுறையின் கைக்கும் நல்ல நூல்கள் சென்று சேர அருள் புரிவாராக!