குழந்தைக்கு ஒரு வக்கீல்

(தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



கோர்ட்டு என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? குத்தகை வழக்கு, மனைக்கட்டு வழக்கு, ஆலை வாசலில் மறியல் செய்ததற்காகப் போட்ட வழக்கு. அங்கே நமக்காகப் பேச வக்கீல் இருந்தார். அவர் தவறாகச் சொன்னால், "அப்படியல்ல ஐயா, நடந்தது இது" என்று சொல்ல நமக்கும் வாய் இருந்தது. இன்று நான் பேச வந்திருப்பது, அப்படிச் சொல்லத் தெரியாத ஒருவரின் வழக்கைப் பற்றி. அவருக்கு வயது பத்து.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தென்னை சாய்ந்தது, குடிசை பறந்தது, கூலி நின்றது. அடுத்த மாதமே பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. நம் டெல்டாவைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளி, 36,000 ரூபாய்க்குத் தம் பத்து வயது மகனை ஆடு மேய்க்க விட்டிருந்தார். பையன் மீட்கப்பட்டான்.

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவது நமக்குப் புதிதல்ல. எருவுக்காகக் கிடை போடச் சொல்கிறோம். அங்கே கம்பு பிடித்து நிற்கும் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வாத்து மேய்ப்பவன் பின்னால் ஓடுகிற பிள்ளையைப் பற்றி யார் விசாரித்தோம்? இந்தக் குறை நம்மிடமும் இருக்கிறது, தோழர்களே.

மீட்ட பிறகு என்ன நடக்கிறது? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர். மாஜிஸ்ட்ரேட்டுக்குரிய அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. பிள்ளை பெற்றோரிடம் திரும்புவதா, இல்லத்தில் தங்குவதா, வேறொரு குடும்பத்தில் வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பதா என்று தீர்மானிப்பது அவர்களே. ஒரு பிள்ளையின் வாழ்க்கையே அந்த மேஜையில் முடிவாகிறது. அங்கே அந்தப் பிள்ளைக்காகப் பேசுபவர் யார்?

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், குழந்தை எவருக்கும் இலவச வக்கீல் உண்டு என்கிறது. வருமானச் சான்று தேவையில்லை. நல்ல சட்டம்தான். ஆனால் வக்கீல் வந்தால் மட்டும் போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்டதைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். கிடையிலிருந்து மீட்ட ஒரு பையனுக்கு வக்கீல் வந்தார். கெட்டவர் அல்ல, நில வழக்கில் கெட்டிக்காரர். வராந்தாவில் நின்றபடியே காகிதத்தைப் புரட்டினார். பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்பாகூடப் போறியா தம்பி?" பையன் தலையாட்டினான். எந்தப் பிள்ளைதான் ஆட்டாது? உள்ளே போய், "தகப்பனாரிடம் அனுப்பிவிடலாம்" என்றார். அனுப்பினார்கள். வாங்கிய கடன் அப்படியே நின்றது. அடுத்த அறுவடைக்கு அவன் தம்பி கிடைக்குப் போனான்.

அந்தத் தகப்பனுக்கு ஒரு விஷயம் தெரியாது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் ரத்தாகிவிட்டது. ஒரு காசு திருப்பித் தர வேண்டியதில்லை! கடைசியில் அவரிடம் நான் கேட்டேன். "யாரும் சொல்லலீங்களே" என்றார். எனக்கும் அன்று அது தெரியாது. வக்கீல் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கும் அந்த வேலையை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

பயிற்சி பெற்ற வக்கீல் என்ன செய்வார்? விசாரணை நாளுக்கு முன்பே பிள்ளையைத் தனியாகச் சந்திப்பார். மிரட்டாமல், அவசரப்படுத்தாமல் கேட்பார். எங்கே படுத்தாய்? யார் அடித்தார்? கூட வேறு பிள்ளைகள் இருந்தார்களா? பிறகு ஆர்.டி.ஓ.விடம் கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ் கேட்டு மனுப் போடுவார். மத்திய சர்க்கார் திட்டம், கட்டாய உழைப்பில் சிக்கிய குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய் மறுவாழ்வு உதவி என்கிறது. அதைக் கேட்டு வாங்கப் பார்ப்பார். அடிமையாக வைத்திருந்தவன் மீது வழக்குப் போட வைப்பார். அந்தக் குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை கடுங்காவல் உண்டு. பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பார். பிள்ளையை வேறு குடும்பத்தில் விட்டால், சட்டம் சொல்கிறபடி குழு மாதந்தோறும் போய்ப் பார்க்கிறதா, பெற்றவள் வந்து பார்க்க வழியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. அமெரிக்காவிலும் குழந்தைக்காகக் கோர்ட்டில் ஆள் வேண்டும் என்று 1974இல் சட்டம் செய்தார்கள். அந்த ஆள் தக்க பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று எழுத 2003 வரை ஆனது. இங்கே தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் திட்டம், குழந்தைகளுக்காக வாதாடும் வக்கீல்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. ஏட்டில் இருக்கிறது. நம் தாலுகாவுக்கு வர வேண்டாமா?

1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் அப்படித்தான். ஏட்டில் இருந்த சட்டத்தைக் களத்துமேட்டுக்குக் கொண்டுவரச் சங்கம் பாடுபட வேண்டியிருந்தது.

ஆகவே மூன்று கோரிக்கைகளை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு முன் வைப்போம். பயிற்சி பெற்ற வக்கீலையே குழந்தை வழக்குக்கு அனுப்ப வேண்டும். விசாரணைக்கு முன்பே அவர் பிள்ளையைச் சந்திக்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை அதே வக்கீல் இருக்க வேண்டும்.

நமக்கும் வேலை உண்டு. கிடையில் பிள்ளையைப் பார்த்தால் 1098க்குப் போன் செய்யுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்களும் பெண்களும் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர்களாகச் சேருங்கள். அவர்களுக்கும் அங்கே பயிற்சி உண்டு. கடன்பட்ட தகப்பனை ஏசாதீர்கள். கூடப் போங்கள். கடன் ரத்து என்பதை அவர் காதில் போடுங்கள். இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லுங்கள். அந்தத் தம்பியாவது கிடைக்குப் போகாமல் இருந்திருப்பான்.