துவண்ட காலும் போலியோ சந்தேகமும்

பிள்ளையின் கை கால் திடீரெனத் துவண்டால் எல்லாருக்கும் முதலில் வரும் பயம் போலியோ, அதாவது இளம்பிள்ளை வாதம். ஆனால் அப்படித் துவள வேறு காரணங்களும் உண்டு. போலியோவில் காய்ச்சல் இருக்கும்போதே பெரும்பாலும் ஒரு பக்கக் கால் சில நாளில் செயலிழக்கும். தொட்டால் உணர்ச்சி இருக்கும். தசையை இயக்கும் நரம்பணுக்களைத்தான் அந்தக் கிருமி அழிக்கிறது. குய்லான் பாரே நோயில் பொதுவாகக் காய்ச்சல் ஓய்ந்த பிறகே இரு கால்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தளரும்; தளர்ச்சி மேலேறும், மதமதப்பும் சேரும். தண்டுவட அழற்சி என்றால் ஒரு மட்டத்துக்குக் கீழே உணர்ச்சி குறையும், சிறுநீர் போவதும் சிக்கலாகும். இவ்வளவு தெரிந்த மருத்துவரும் கண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதே என் வாதம். கை, கால், வாய்ப்புண் நோயை உண்டாக்கும் எண்டெரோவைரஸ் 71 சில பிள்ளைகளின் தண்டுவடத்தில் போலியோ தாக்கும் அதே இடத்தைத் தாக்குகிறது. அப்போது இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆய்வுக்கூடத்தால்தான் முடியும்.

1992-க்குப் பிறகு மலேசியாவில் இல்லாத நோய்க்கு இத்தனை சோதனை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2019 டிசம்பரில் சபா, துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ உறுதியானது. பிலிப்பைன்ஸில் பரவிய கிருமியோடு அதற்கு மரபணுத் தொடர்பு இருந்தது. தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே வாதம் வரும். ஆகவே ஒரு பிள்ளையின் கால் துவண்டால், அறிகுறியே இல்லாமல் பலர் கிருமியைச் சுமக்கலாம். அதனால்தான் 15 வயதுக்கு உட்பட்ட யாருக்குத் திடீர்த் தளர்ச்சி வந்தாலும், காரணம் வேறென்று தோன்றினாலும், உடனே அறிவிக்கச் சொல்கிறார்கள். போலியோ இல்லாத ஊரிலும் ஒரு லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவருக்காவது இப்படி வரும் என்பது உலகக் கணக்கு. அந்த ஒருவரும் பதிவாகாவிட்டால் தேடலில் ஓட்டை என்று பொருள்.

சோதனை முடிவுக்குக் காத்திருந்தால் சிகிச்சை தாமதமாகாதா? காத்திருக்கவே வேண்டாம். குய்லான் பாரேக்குரிய இம்யூனோகுளோபுலின் மருந்தை ஏற்றிக்கொண்டே மலமாதிரியும் எடுக்கலாம். தளர்ச்சி தொடங்கிய 14 நாளுக்குள், 24 மணிநேர இடைவெளி விட்டு இரண்டு மாதிரிகள், குளிர்நிலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். தடுப்பூசி போட்ட பிள்ளையாக இருந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். ஊசி அந்தப் பிள்ளையை வாதத்திலிருந்து காக்கும். குடலில் கிருமி தங்குவதை முழுதாகத் தடுக்காது. 60 நாள் கழித்து மறுபடி வரச் சொன்னால், பிள்ளை நன்றாக நடந்தாலும் அழைத்துப் போங்கள்.